கடைசிப் பக்கத்துச் சந்தனம்

கைப்பேசியை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிய வாட்ச்மேன் பக்கிரி, டோக்கனை நீட்டும்போது ஹுமாவின் முகத்தைக் கொஞ்சம் அதிகப்படியாகவே பார்த்தார்.

"நீ மரக்காணம் ஜலீல் பாய் பொண்ணுதானே? போன வாரங்கூட பாய் வந்துட்டுப் போனாரேம்மா. பிரபாகரன் சாரு ரூமுல ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாரு."

அப்படியா என்று சிரித்து வைத்தாள் ஹுமா. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

போன வாரம் அத்தா கடையை அடைத்துவிட்டுக் கிளம்பியது ஒரே ஒரு நாள்தான். திண்டிவனத்துக்குச் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் சரக்கில்லை. பஸ்ஸில் கூட்டம், லாரியில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன் என்றார். லாரி இன்றுவரை வரவில்லை.

அத்தா பொய் சொல்லி அவள் பார்த்ததே கிடையாது. அதனால்தான் அந்தப் பொய் அன்றைக்குக் கண்ணில் படாமல் போயிற்று. இன்று காலையில் கல்லூரி பஸ் பிடிக்க அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது, அத்தா தாழ்ந்த குரலில் சொன்னதும் இப்போதுதான் உறைத்தது.

"போறதுன்னா போய்ட்டு வா. அங்க யார்கிட்டயும் எதையும் கேட்டு வெக்காத."

ஏன் கேட்கக்கூடாது? கேட்டால் என்ன வெளியே வரும்?

கடலகம் சுவடி நூலகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளப் பாத்திகள் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிற இடத்தில் மூன்று மாடியாக நிமிர்ந்து நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதை ரிசார்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஏடுகள் உறைகுளிரில் தூங்குகின்றன. முதுகலை வரலாறு மாணவர்களை அழைத்து வந்திருந்த கலியமூர்த்தி சார் வாசலிலேயே நின்று அதை அண்ணாந்து பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

ஹுமா ஏடு பார்க்க வரவில்லை. தன் அத்தா திருடனா இல்லையா என்று பார்க்க வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மரக்காணத்தில் அவர்கள் தெருப் பள்ளிவாசலுக்கு ஒரு கிதாபு உண்டு. தமிழை அரபி எழுத்தில் எழுதிய கையெழுத்து ஏடு. ரபீயுல் அவ்வல் மாதம் பிறந்தால் இரவு இரவாக அதை வைத்து நபி புகழ் பாடும் மவ்லிது ஓதுவார்கள். ஓதி முடிக்கிறவர் பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தொட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு ஒற்று ஒற்றுவார். அந்தத் தெருவில் செத்துப்போனவர்கள் பாதிப் பேருடைய விரல் அந்தப் பக்கத்தில் மஞ்சளாகப் பதிந்து கிடந்தது. ஒரு வருஷம் ஓதி முடிக்கும் முறை அத்தாவுக்கு வந்தபோது, மடியில் உட்கார்ந்திருந்த ஹுமாவின் விரலையும் பிடித்து ஒற்ற வைத்தார். பெரிய விரல்களுக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சின்ன ரேகை.

போன மழையில் பள்ளிவாசல் அலமாரியில் ஓதம் ஏறி ஏடு நமுத்துவிட்டது. கடலகத்தில் இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி என்ற முறையில் அப்துல் ஜலீல்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சென்ற மாதம் நீலப் பெட்டியில் திரும்பி வந்தது. ஜமாத்தார் முன்னிலையில் திறந்து பார்த்தால், கடைசிப் பக்கம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. ஒரு விரல்கூட இல்லை. சந்தன வாசமும் இல்லை.

முதலில் வாயைத் திறந்தவர் ஐஸ் பேக்டரி உபைத். இது நம்ம கிதாபே கிடையாது, அசல எவனுக்கோ தள்ளிவிட்டுட்டு டூப்ளிகேட்ட வாங்கிட்டு வந்துட்டான் என்றார். ஹுமாவின் அண்ணன் தவுசீப் சரியாக அதே மாதம்தான் துபாய்க்கு விமானம் ஏறியிருந்தான். போதாதா? டீக்கடையில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அத்தாவோ, நான் குடுத்த பொருளத்தான் வாங்கிட்டு வந்தேன் என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

இன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஜமாத்தார் வீட்டுக்கு வருகிறார்கள். அத்தா சரியான பதில் சொல்லாவிட்டால், நம்பி அமானிதமாகக் கொடுத்த பொருளைத் தின்றவர் என்று வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அறிவித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யார் சலாம் சொல்லுவார்கள்?

"ஏய், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற. உள்ள வாடி," என்று இழுத்தாள் அஸ்வினி. மீனவர் குப்பத்துப் பெண். ஹுமாவின் வகுப்பு, பஸ் சீட், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் பாதி அவளுடையது.

சுவடிக் காப்பாளர் பிரபாகரன் அவர்களை வரவேற்றார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கண்ணாடிக்குப் பின்னால் நிலைகொள்ளாத கண். பேனா கூடாது, பென்சில் மட்டும், தண்ணீர் கூடாது, சொல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று சட்டம் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். மாட்டு வைத்தியம் சொல்லும் ஓலைச்சுவடி. கடலோர ஊர்களின் பழைய பிரெஞ்சு வரைபடம். மரக்காணம் அதில் ஒரு கொசு அளவுக்கு இருந்தது. கலியமூர்த்தி சார் ஒவ்வொன்றுக்கும் ஆஹா போட்டார். பிரபாகரன் ஆஹாவுக்கு ஆஹா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூணு மணிக்கு அறங்காவலர் அப்பாதுரை ஐயா வருகிறார், எல்லாரும் அவரோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று இடையிடையே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதெல்லாம் நெற்றியைத் துடைத்தார். அந்தக் குளிரில் எதற்கு வேர்க்கிறது?

கூடத்தின் கோடியில் தனியாக ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதன் பக்கம் அவர் யாரையும் கூட்டிப் போகவில்லை.

ஹுமா மெதுவாகக் கூட்டத்திலிருந்து நழுவினாள்.

பேழைக்குள், பால் நிறத் தாங்கியின் மேல் ஒரு ஏடு விரிந்து கிடந்தது. அடியிலிருந்து மெல்லிய விளக்கு வெளிச்சம். அரபி எழுத்து. ஓரமெல்லாம் மஞ்சள் விரல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, நெருக்கியடித்துக்கொண்டு. நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று.

அவளுடைய விரல்.

உபைத் மாமா சொன்னது அத்தனையும் நிஜம். அசல் இங்கே இருக்கிறது. வீட்டில் இருப்பது போலி. திருட்டுத்தனமாக இங்கே வந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போன அத்தா, என்ன பேசினார்?

"இது எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

எதிரில் வந்து நின்ற பிரபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனியார் சேகரிப்பும்மா என்றார். எந்த ஊர் என்றாள். கடலோர ஊர்தான் என்றார். நீ எந்த ஊர் என்று அவர் திருப்பிக் கேட்டார். மரக்காணம், ஜலீல் பாய் பொண்ணு என்றதும் அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார்.

கதவு முழுசாகச் சாத்தவில்லை. அவர் குரல் தேய்ந்து வந்தது.

"ஜலீல் பாய் பொண்ணு வந்திருக்குது... ஆமா, பார்த்துட்டா... மூணு மணி தாண்டுற வரைக்கும் நீ மேலயே இரு, கீழ எறங்காத."

யாரோ இன்னொரு கூட்டாளி மாடியில் இருக்கிறார். ஹுமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். போன் லாக்கரில். போட்டோ எடுக்க வழியில்லை. எடுத்தாலும் என்ன செய்வது? அது அத்தாவின் கழுத்தில் தானே கயிற்றை மாட்டியது போலத்தான்.

அப்போது கரண்ட் போயிற்று.

ஜன்னலே இல்லாத கூடம் இருட்டுக் கிணறானது. யாரோ கீச்சிட்டார்கள், யாரோ சிரித்தார்கள். ஜெனரேட்டர் போட்டுடுவாங்க, யாரும் நகராதீங்க என்று கலியமூர்த்தி சார் இருட்டுக்குப் பாடம் எடுத்தார். பேட்டரியில் ஓடிய பேழை விளக்கு மட்டும் அணையவில்லை. அடி வெளிச்சத்தில் அந்தப் பக்கம் காகித லாந்தர் மாதிரி மின்னியது.

ஹுமா குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள். மூக்கு கண்ணாடியில் முட்டியது.

சின்ன வயதில், எல்லாரும் கூடி ஓதும் மஜ்லிஸில், கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது பின்னால் இருக்கும் டியூப்லைட் வெளிச்சம் பூச்சி அரித்த ஓட்டைகள் வழியாகப் பொட்டுப் பொட்டாக வரும். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதற்காகத்தான் தூங்காமல் காத்திருப்பார்கள். நட்சத்திரப் பக்கம் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

இந்தப் பக்கத்திலும் அந்த ஓட்டைகள் அதே இடத்தில் இருந்தன. ஆனால் ஒன்றிலிருந்தும் வெளிச்சம் வரவில்லை. வீட்டில் நீலப் பெட்டிக்குள் இருக்கும் கடைசித் தாளில் ஓட்டைகளைப் பார்த்திருக்கிறாள்; ஊரில் யாரும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத்தான் இல்லை. இங்கே எல்லாம் கறுப்புப் புள்ளிகள். மை.

விளக்கு வந்தது. தாழ்வாரத்திலிருந்து பிரபாகரன் விடுவிடுவென்று ஓடி வந்தார். அவள் அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த ஏட்டுல ஓட்டை இல்ல சார்."

"என்ன ஓட்டை?"

"பூச்சி அரிச்ச ஓட்டை. இது அச்சடிச்சது. எங்க வூட்ல இருக்குற ஏட்டுல ஓட்டை இருக்குது, சந்தனம் இல்ல. இங்க சந்தனம் இருக்குது, ஓட்டை இல்ல. அப்போ எங்க சந்தனம் எங்க சார் போச்சு?"

பிரபாகரன் சுற்றுமுற்றும் பார்த்தார். மற்றவர்கள் பிரெஞ்சு வரைபடத்தில் மொய்த்திருந்தார்கள். அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கழுவிட்டோம் என்றார்.

அதற்குப் பிறகு கொட்டிவிட்டார். ஏடு வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தார்கள், அது வழக்கம். அப்புறம் பழுதுபார்க்கும் பிரிவில் நிவேதா என்ற பெண் ஒவ்வொரு தாளாகத் தண்ணீரில் அலசினாள். பழைய மை கரையாது. சந்தனம் கரைந்தது. ஏதோ அழுக்கு, பூஞ்சைக்குத் தீனி என்றுதான் அவள் நினைத்தாள். ஊர் வழக்கம் என்று யாரும் சொல்லவுமில்லை, இவர்கள் கேட்கவுமில்லை. அதற்குள் அறங்காவலர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். இந்த விரல் பக்கத்தை நடுக்கூடத்தில் வைக்கணும், நான் வந்து பார்க்கணும் என்றார். அலசியாயிற்று என்று சொல்ல பிரபாகரனுக்குத் தைரியமில்லை. கையால் செய்த தாளில் அந்தப் படத்தை அச்சடித்துப் பேழையில் வைத்தார். அட்டையில் நகல் என்று மட்டும் எழுதவில்லை.

"எங்க அத்தாவுக்கு இது தெரியுமா?"

"அவரும் இதேதான் கேட்டாரு. உள்ளத சொல்லிட்டேன். அப்பாதுரை ஐயா வந்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்குங்க, இல்லாட்டி எங்க ரெண்டு பேர் வேலையும் போயிடும்னு கெஞ்சினேன். அப்புறம் சரின்னாரு. அந்தப் பொண்ணு வேலைக்கு எதுவும் ஆவக்கூடாதுன்னாரு."

ஹுமாவுக்கு முகம் எரிந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்க அவரைத் திருடன் என்று நினைத்திருக்கிறாள். வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து ஊர் வசவையெல்லாம் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த மனிதர், ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் வேலைக்காக விழுங்கியிருக்கிறார்.

"வாக்குக் குடுத்தது எங்க அத்தா. நான் குடுக்கல சார். இன்னிக்கு ஜமாத்தார் எங்க வூட்டுக்கே வந்து அவர திருடன்னு சொல்லப் போறாங்க. மூணு மணிக்கு அவர் வந்ததும், அந்த ஏட்ட வெளிய எடுத்துக் காட்டுங்கன்னு எல்லார் முன்னாலயும் நான் கேட்கப் போறேன்."

"அதுக்குத் தேவையே இல்ல."

சொன்னது பிரபாகரன் இல்லை. மாடிப்படியில் வெள்ளை ஏப்ரனோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கலாம். கீழே இறங்காதே என்று சொன்னாலே இறங்கிவிடுகிற முகம்.

"அவங்க ஊர்ல பிரச்சனைன்னு என்கிட்ட ஏன் சார் சொல்லல? மேல இரு, டென்ஷனாவாதன்னு மட்டும் சொன்னீங்க." நிவேதா பேழையருகே வந்தாள். "அடியில லைட் வெச்சப்பவே, அட்டையில நகல்னு எழுதலாமேன்னு கேட்டேன். அசலா இருந்தா தாளு கெட்டுடும், அதுக்கு அடியில நான் லைட் வெக்க விடுவேனா?"

ஹுமாவின் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். பேழைக்கு வெளியே ஒட்டியிருந்த அட்டையில், நல்ல பெரிய எழுத்தில், நகல் என்று எழுதினாள். பிரபாகரன் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கக் கை வரவில்லை.

"எத்தினி மணிக்கு உங்க வூட்டுக்கு வர்றாங்க? நானே வந்து சொல்றேன்."

கலியமூர்த்தி சாரிடம் என்ன சொல்வது என்று ஒரு கேள்வி இருந்தது. ஹுமாவோட ஆயாவுக்குச் சீரியஸ்னு சொல்லிடறேன் என்றாள், அவளைத் தேடிக்கொண்டு வந்த அஸ்வினி. எனக்குத்தான் ஆயாவே இல்லயேடி என்றாள் ஹுமா. "அது சாருக்குத் தெரியுமா?"

நிவேதாவின் ஸ்கூட்டி உப்பளத்தை ஒட்டிப் பறந்தது. வெயிலில் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளாகக் கூசின. வழியெல்லாம் அவள் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, அதுல யார் யார் விரல் இருந்துச்சு என்று கேட்டாள். ஹுமா சொல்ல ஆரம்பித்தாள். மரக்காணம் வந்தும் முடியவில்லை.

வீட்டு வாசலில் ஏற்கெனவே செருப்புகள் நிறையக் கிடந்தன.

உள்ளே ஜமாத்தார் நாற்காலிகளில். நடுவில் நீலப் பெட்டி. ஒரு மூலையில் அத்தா, தோளில் துண்டோடு. அடுப்படி வாசலில் அம்மா ஷம்சாத், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அத்தா நிவேதாவை இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஏப்ரனைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மகளை ஒரு பார்வை பார்த்தார். அடி வாங்கியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நிவேதா உட்காரவில்லை. நின்றபடியே, சுருக்கமாக, ஒளிக்காமல் சொன்னாள். தப்பு என்னோடதுங்க, ஜலீல் சார் எனக்காகத்தான் வாயைத் திறக்கல என்று முடித்தாள்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. உபைத் அதை அடக்கினார். வெள்ளைச் சட்டை, மருதாணி தாடி, எதிலும் இன்னொன்று இருக்கும் என்று தேடுகிற கண்.

"நல்லா ஜோடிச்சிருக்கீங்க. ஏம்பா ஜலீல், ஒரு பொம்பளப் புள்ளய கூட்டிட்டு வந்து பேச வெச்சிட்டா நாங்க நம்பிடணுமா?"

ஹுமா பெட்டியைத் திறந்தாள். யாரும் தடுப்பதற்குள் கடைசித் தாளைப் புரட்டி, ஏட்டை அப்படியே அவர் கையில் வைத்தாள்.

"மாமா, தூக்கிப் பாருங்க. வெயிலுக்கு நேரா."

மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. உபைத் சலிப்போடு தாளை நிமிர்த்தினார்.

அவருடைய வெள்ளைச் சட்டையில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் சிதறியது.

அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் அந்தப் புள்ளிக்கூட்டம் தெரியும். நெஞ்சுக்கு நேராக வளைந்து போகிற வரிசை, ஓரத்தில் ஒற்றையாக நிற்கிற ஒன்று. உபைத் தன் சட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பையனாக அவரும் தூங்காமல் காத்திருந்தவர்தானே. தாளை லேசாக அசைத்தார். வெளிச்சமும் அசைந்தது.

"நம்மளுதுதான்," என்றார் கடைசியில். குரலில் சத்தமில்லை.

பிறகு நிவேதாவைப் பார்த்தார்.

"எங்க அத்தா வெரலு இதுல இருந்துச்சும்மா."

"இப்ப தெரியுதுங்க," என்றாள் அவள். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தாள், முடிக்கவில்லை. அங்கே இருக்கும் படத்தை முழுசாகக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

உபைத் அத்தாவின் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் அத்தா. ஊரே உன்னை அப்படிப் பேசும்போதுமா என்றார் உபைத். பேசினது நீதானே என்றார் அத்தா. யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

உபைத் தாடியைத் தடவினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, வூட்ல சந்தனம் இருக்குதா? கடைசி பைத்த மட்டும் ஓதிடுவோம். ஓதாம ஒத்தக் கூடாது."

அம்மா உள்ளே ஓடினார். நிவேதா தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, சந்தனம் மட்டும் வேணாமே. இந்தக் கடல் காத்துக்குப் பூஞ்சை..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். காதுவரை சிவந்துவிட்டது.

"புடிக்கட்டும்," என்றார் உபைத். "புடிச்சா உன்னையேதான் கூப்பிடுவோம். ஆனா தண்ணிய மட்டும் கொண்டாராத."

சந்தனக் கிண்ணம் வந்தது. பன்னீர் வாசம் கூடத்தில் பரவியது. எல்லாரும் எழுந்து நின்று அந்தக் கடைசிப் பாட்டை ஓதினார்கள். புத்தகம் பார்த்து ஓத வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. முடிந்ததும் உபைத் விரலை நீட்டவில்லை. கிண்ணத்தை மூலைக்கு நகர்த்தினார், அத்தாவின் பக்கம்.

"முத்தவல்லி. நீ மொதல்ல."

அத்தா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். ஹுமாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்டைவிரலைச் சந்தனத்தில் வைத்தார்.